பாட்டில் நம்பர் பதினேழு

"சட்டைக் கையைக் கொஞ்சம் மடிச்சு விடுங்க சார்."

சக்ரபாணி தயங்கினார். நர்ஸ் ரமணி தானே பட்டனைக் கழற்றினாள். முழங்கை வரை நகக்கீறல்கள். சிலவற்றில் ரத்தம் இன்னும் காயவில்லை.

"டைரியில ரெண்டு, ஒண்ணு, ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க. இதுதான் பத்துக்கு ஒண்ணா?"



பேகம்பேட்டில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஒன்றின் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. கல்லீரல் தழும்பேறிப் போனவர்களில் சிலருக்குப் பித்த அமிலம் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் அரிக்கும். அந்த அமிலம் குடலிலிருந்து மறுபடி கல்லீரலுக்குப் போகும் வழியை மாத்திரை அடைக்க வேண்டும். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. பாட்டிலில் நம்பர் மட்டும்தான். அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று நோயாளி தினமும் டைரியில் எழுத வேண்டும்.

"பொய் எழுதறவரை இன்னைக்கே நீக்கிடச் சொல்லிட்டார் டாக்டர். அப்புறம் மாத்திரையே கிடைக்காது. ஃபாக்டரியில முப்பது வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டரா இருந்தவர், நீங்களே அளவைத் தப்பா எழுதலாமா?"

"அளவு தப்பில்லம்மா."

"உங்க கையே சொல்லுதே சார்!"

பக்கத்து நாற்காலியில் சுபாஸ்ரீ தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கச்சிபௌலியில் கம்பெனி வேலை. அவளும் இதே பரிசோதனையில் இருப்பவள். கூகட்பள்ளியிலிருந்து இருவரும் ஒரே ஆட்டோவில்தான் வருவார்கள். மடியில் அவளுடைய மூன்று வயது மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ரமணி அவள் டைரியைப் புரட்டினாள். ஒன்பது, ஒன்பது, பத்து.

"எங்கே, கையைக் காட்டும்மா."

"நக்கோம்மா, வேண்டாம், அந்தப் பொண்ணை விட்டுடு" என்றார் சக்ரபாணி அவசரமாக.

சுபாஸ்ரீ கையை நீட்டினாள். பழைய வடுக்கள் மட்டும். புதிதாக ஒரு கீறல்கூட இல்லை.

"என்ன நடக்குது இங்கே?"

சுபாஸ்ரீயின் கண் நிறைந்தது. "மாத்திரை ஆரம்பிச்ச ரெண்டாவது வாரமே அங்கிளுக்கு அரிப்பு நின்னுடுச்சு மேடம். எனக்கு நிக்கல. சொறிஞ்ச கையில ரத்தம். இவனைத் தூக்கணும்னா துணி சுத்திக்கிட்டுத்தான் தூக்குவேன். ஒருநாள் ஆட்டோவுல, அவர் பாட்டிலை என் பையில போட்டுட்டு என் பாட்டிலை எடுத்துக்கிட்டார்."

ரமணி இரண்டு டைரிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

"அப்போ உங்களுக்கு மறுபடி அரிக்குமே சார்?"

"அரிக்குது. நான் யாரைத் தூக்கணும்?"

"சரி, அதுக்கு டைரியில ஏன் பொய்?"

சக்ரபாணி சட்டைக் கையை இறக்கிப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"பொய் எங்கேம்மா? டைரி மேல இருக்கறது பாட்டில் நம்பர். என் நம்பர் பதினேழு; அந்த மாத்திரையைச் சாப்பிடறது இவ. அதனால தினம் போன் பண்ணி, இவ அரிப்பை நான் எழுதறேன், என் அரிப்பை இவ எழுதறா. எங்களால நல்ல மருந்துக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாது, பாரு."