முத்து அறைத் தண்ணீர்

வாயில் விட்ட தண்ணீரை அப்படியே ஜன்னலுக்கு வெளியே துப்பினார் சிவனணைந்தபெருமாள். அதே சூட்டோடு, நனைந்த தலையும் இடுப்புத் துண்டுமாக மாடிப்படி இறங்கி வந்தார்.

கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறந்திருந்த லாட்ஜ் அது. பழைய பங்களாவுக்கு வெள்ளையடித்து, ஆறு அறைகளுக்கும் முத்து, பவளம், சங்கு என்று பேர் வைத்து, சுவரில் நாலு சிப்பியையும் ஒட்டிவிட்டு, தூத்துக்குடியில் எவனும் வாங்காத வாடகை வாங்கினார்கள். பேரு பெத்த பேரு, தாக நீலு லேது, அதாவது பேர்தான் பெரிசு, குடிக்கத் தண்ணீர் கிடையாது என்பார்களே, அது இந்த இடத்துக்கென்றே சொன்னது.

"ஏலே, இங்க மேனேஜர் யாருலே?"

மேசைக்குப் பின்னாலிருந்து சுந்தரராஜ் எழுந்தான். "நாந்தான் அண்ணாச்சி. என்ன கொற?"

"நேத்து வந்ததுலேருந்து கொறயத் தவிர வேற என்னலே இருக்கு? ஃபேன் சுத்தல, பொறுத்தேன். மெத்தையில மூட்டப்பூச்சி, அதயும் பொறுத்தேன். தண்ணிய வாயில வைக்க முடியலியே. கூஜாவுலயும் உப்பு, வாளியிலயும் உப்பு, காப்பியிலயும் உப்பு. அர மணி நேரமாத் தேய்க்கேன், சோப்பு நுரைக்க மாட்டேங்கு."

"முத்து ரூம்புக்கு மட்டும் கொழாய் ரிப்பேரு அண்ணாச்சி. வெளியிலேருந்துதான் கொண்டாந்து ஊத்துதோம்."

தண்ணீர் சுமந்து ஊற்றிய சீனித்தாய் துடைப்பத்தோடு படியோரம் நின்றாள். "இன்னொரு வாளி கொண்டாரட்டுமா மொதலாளி?" என்று கேட்டாள்.

லாட்ஜில் மற்றவர்கள் எல்லாம் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். இவள் ஒருத்திக்காவது மரியாதை தெரிந்திருக்கிறதே என்று அவருக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது. ஆனாலும் வேலைக்காரர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"அதே தண்ணிதானளா? நீயே குடி."

பதினோரு மணிக்கு லேபர் ஆபீஸில் அவருக்கு விசாரணை. அவருடைய உப்பளத்து ஆட்கள் அவர் மேல் மனு கொடுத்திருந்தார்கள். தோற்றால் அளத்தின் குத்தகையே கைவிட்டுப் போகும் என்று வக்கீல் பயமுறுத்தியதால்தான் கோவில்பட்டியிலிருந்து கிளம்பி வந்திருந்தார். குளித்து, கஞ்சி போட்ட சட்டையில் ஜம்மென்று போய் உட்கார்ந்து மனுவை ஊதித் தள்ள நினைத்தவருக்கு, உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

"நான் யாருன்னு தெரியுமாலே? அளத்து ஆளுகளுக்கு என் கைக்காசப் போட்டுக் கெணறு வெட்டிக் குடுத்தவன். அப்பிடியும் என் மேலயே மனு போட்டிருக்கானுவ. அவனுவளயே இன்னைக்கு ஒரு வழி பண்ணப்போறேன், நீ எந்த மூலைக்கு? ஒன் லாட்ஜ இழுத்து மூடாம நான் ஊருக்குப் போமாட்டேன்."

சுந்தரராஜ் கையைப் பிசைந்தான். "வாய்ப்பேச்சுக்கெல்லாம் ஒண்ணும் நடக்காது அண்ணாச்சி. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சேக்க வேண்டிய எடத்துல நானே சேத்துருதேன்."

தாளும் பேனாவும் வந்தன. ஈரத் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார் சிவனணைந்தபெருமாள்.

'எனக்குக் கொடுத்த இந்தத் தண்ணீர் மனிதன் குடிக்கவோ குளிக்கவோ தகுதியற்றது. ஆடு மாடுகூட வாய் வைக்காது.'

"குடுத்தவனையும் நாலு வார்த்த எழுதுங்க அண்ணாச்சி. அப்பத்தான் ஒறைக்கும்."

'இதைப் பிறருக்குக் குடிக்கக் கொடுப்பவன் ஈவிரக்கமற்ற பாவி. அவன் மேல் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்.'

முழுப்பேர், ஊர், 14-5-74 என்று தேதி எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டார். சத்தம் கேட்டு வந்த பவளம் அறை எபனேசர், கூஜாவிலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகத்தைக் கோணிக்கொண்டு சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்.

சுந்தரராஜ் மையை ஊதிக் காயவைத்தான். தாளை மேசை இழுப்பறையில் வைக்காமல் சீனித்தாயிடம் நீட்டினான். அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அத எதுக்குலே அவகிட்ட குடுக்கே?"

"இவுக எங்க மைனி அண்ணாச்சி, எங்க அண்ணன் சம்சாரம். போன மாசம் வரைக்கும் உங்க அளத்துல உப்பு வாருனவுக. நல்ல தண்ணி கேட்டாவன்னு வேலைய விட்டு நிறுத்திட்டீங்க. இன்னைக்கு விசாரணையில மொத சாட்சி இவுகதான்."

சிவனணைந்தபெருமாள் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்தும் அடையாளம் தெரியவில்லை.

"இருந்துட்டுப் போட்டும். இந்த லாட்ஜுத் தண்ணிக்கும் என் மேல போட்ட மனுவுக்கும் என்ன சம்பந்தம்?"

சீனித்தாய் குரலை உயர்த்தவே இல்லை.

"அது லாட்ஜுத் தண்ணி இல்ல மொதலாளி, நீங்க எங்களுக்கு வெட்டிக் குடுத்த கெணத்துத் தண்ணி."