ஒரே ஒரு அலமாரி

“என் புருஷனை வெட்டியாச்சு. கை ரெண்டையும் வெச்சுக்கறதா, குப்பையில போடறதா?” என்று கேட்டாள் ஆர்டித்.

“கழுத்தைத் தூக்கி எறி, நைஞ்சு போச்சு,” என்றாள் அவள் தோழி மார்லிஸ், காபியை உறிஞ்சியபடி. “முதுகு இன்னும் நல்லாத்தான் இருக்கு.”

காலமான கணவரின் கட்டம் போட்ட சட்டை, துண்டு துண்டாக மேசைமேல் கிடந்தது. அதைச் சுற்றி மலையாகத் துணி. அமெரிக்காவில், அயோவாவின் அந்தச் சின்ன ஊரில், துண்டுகளை இணைத்துப் போர்வை தைத்தே காலம் கழித்தவள் ஆர்டித். தைத்ததைவிட மிச்சம் பிடித்ததுதான் அதிகம்.

சனிக்கிழமை அவளுக்கு இரண்டாவது கல்யாணம். மாப்பிள்ளை டெல்பர்ட், டிராக்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். கல்யாணப் பேச்சு வந்த அன்றே ஒன்றைச் சொல்லிவிட்டார்: துணிக்கு ஒரே ஒரு அலமாரிதான் தர முடியும், அதற்குமேல் வீட்டில் இடமில்லை.

“அவ்வளவு பெரிய பண்ணை வீட்டுல ஒண்டிக்கட்டையா இருந்துக்கிட்டு ஒரு அலமாரியாம்,” என்றாள் மார்லிஸ். “சரியான கஞ்சன்டி. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, கழண்டுக்க.”

“சிரிச்சா அவருக்குக் காது சிவக்குதுடி. துணி போனா போகட்டும், அந்தக் காதை விட மாட்டேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, ஒவ்வொரு துண்டையும் விடும்போது உயிர் போனது. உள்ளங்கையைவிடச் சிறியதெல்லாம் குப்பை என்பது மார்லிஸின் சட்டம். அவள் திரும்பிய நேரத்தில் ஆர்டித் இரண்டு விரல் அகல நீலத் துண்டொன்றை அமுக்கிக்கொண்டாள்.

“பாக்கெட்டைக் காட்டு.”

ஆர்டித் காட்டினாள். உள்ளே ஒரு போர்வைக்குத் தேவையான அளவு இருந்தது.

“வெக்கமா இல்ல?” என்ற மார்லிஸ், கோழி அச்சிட்ட மஞ்சள் துணியை எடுத்து உதறினாள். “இதை என்னிக்காவது தைப்பியா?”

“கோழிக்கு ஜோடியா வாத்து போட்ட துணி ஒண்ணு கிடைச்சா தைப்பேன்.”

“எத்தனை வருஷமா தேடறே?”

“அந்தக் கணக்கெல்லாம் எதுக்கு?”

“பையில போடு.”

பைகள் எல்லாம் சர்ச்சின் கீழ்த்தளத்துக்குப் போகும். அங்கே மூலையில் ஒரு மேசை உண்டு. வேண்டாத துணியை யாரும் வைக்கலாம், வேண்டியவர் எடுக்கலாம். வைத்தது யார், எடுத்தது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது. ஆர்டித் சில மாதங்களாகவே அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். மறுவாரம் போனால் மேசை துடைத்துவிட்டாற்போல் இருக்கும்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் டெல்பர்ட், கழுத்தில் மாலை போல ஒரு தையல் டேப்புடன்.

“அலமாரியை அளந்துட்டேன், ஆர்டித். நல்லா அமுக்கி வெச்சா கொஞ்சம் கூடவே பிடிக்கும்,” என்றார்.

“உள்ள வாங்களேன், காபி இருக்கு.”

அவர் பார்வை அவள் தோளைத் தாண்டி அந்தத் துணி மலைமேல் விழுந்தது. எச்சில் விழுங்கினார்.

“வேண்டாம். நான் வெளியவே இருந்துடறேன்,” என்று சொல்லி விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தார்.

“துணியைப் பார்த்தாலே மனுஷனுக்கு ஆகல,” என்றாள் மார்லிஸ்.

ஆர்டித் சட்டையின் முதுகை மட்டும் அலமாரிக்கென்று மடித்து வைத்தாள். கோழிப் பையின் வாயை, வழக்கம்போலத் துணி ஓரக் கரைகளை ஜடையாகப் பின்னிய கயிற்றால் கட்டினாள். கரையைக்கூடத் தூக்கி எறிய மனம் வராமல் அவளாகக் கண்டுபிடித்த கயிறு அது.

கல்யாணம் அமர்க்களமாக முடிந்தது. மூன்று கேக் துண்டு தின்ற குஷியில் மார்லிஸ் டெல்பர்ட்டைக் கட்டிப்பிடித்துப் புகழ்ந்தாள். மறுநாள் காலை, அவர் ஆர்டித்தை மாடிக்கு அழைத்துப் போனார். காதுகள் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன.

“உன்கிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன்,” என்று கதவைத் திறந்தார்.

தரையிலிருந்து கூரைவரை துணி. அடுத்த அறையிலும் துணி, அதற்கடுத்த அறையிலும் துணி. ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின். அதில் பாதி தைத்த போர்வை. அவளுடைய மஞ்சள் கோழிக்குப் பக்கத்தில் குண்டாக ஒரு வாத்து.

சுவரோரம் வரிசையாகப் பைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் கரை பின்னிய ஜடை.

ஆர்டித் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அவள் சிரிக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

“அழாத ஆர்டித். மெக்கானிக் போர்வை தைக்கறான்னா ஊரு சிரிக்குமேன்னுதான் வெளிய சொல்லல. சர்ச்சு கீழ்த்தளத்துல பாய்லர் ரிப்பேர் பார்க்கப் போறப்பல்லாம் மேசையில பை இருக்கும், கை சும்மா இருக்காது,” என்று பதறினார் டெல்பர்ட். “எவளோ ஒரு மகராசி வாராவாரம் மூட்டை மூட்டையா கொண்டாந்து வெச்சுட்டா. அவ மட்டும் இல்லேன்னா உனக்கு ரெண்டு அலமாரி தந்திருப்பேன்.”