புள்ளிக்குப் பின்னால்

“மனுஷ குலம் இதுவரைக்கும் பட்ட கஷ்டத்துக்கெல்லாம் ஒரே காரணம், தசமப் புள்ளிக்குப் பின்னாடி இருக்கறதை யாரும் மதிக்காததுதான்!”

சொன்னவன் சிரிக்கவில்லை. அலுவலகத்தில் அவனுக்குத் தசமம் என்றே பெயர். எதிரில் இருந்தவளுக்குக் கத்தரி.

காது கேட்காதவர்களுக்கான செயலி ஒன்றை இருவரும் செய்துகொண்டிருந்தார்கள். கைபேசியை மேசையில் வைத்தால் போதும், எதிரே இருப்பவர் பேசுவதெல்லாம் திரையில் எழுத்தாக வரும். அதற்கு மூளையாக இருந்த நியூரல் நெட்வொர்க் மாடலில் மூன்று கோடி எண்கள். ஒவ்வொன்றிலும் புள்ளிக்குப் பின்னால் ஏழு இலக்கம். அத்தனையையும் தசமம் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டான்.

“புள்ளிக்குப் பின்னாடி இருக்கறதை வெட்டி முழு எண்ணாக்கிட்டா மாடல் கால்வாசியாச் சுருங்கிடும். பழைய போன்லயும் வேகமா ஓடும்,” என்றாள் கத்தரி.

“சட்டை பத்தலைன்னு கையை வெட்டுற தையல்காரி மாதிரி பேசாதே தாயே.”

அவள் இழுப்பறையைத் திறந்தாள். மூலை உடைந்து, ரப்பர் பட்டை போட்டுக் கட்டிய பழைய கைபேசி ஒன்றை எடுத்தாள். தசமத்தின் மாடலை ஓடவிட்டு அதனிடம், “நல்லா இருக்கீங்களா?” என்றாள்.

கைபேசி யோசித்தது. லேசாகச் சூடேறியது. ஐந்து வினாடி கழித்து, கேள்விக்குறி உட்படப் பிசகில்லாமல், ‘நல்லா இருக்கீங்களா?’ என்று காட்டியது.

“பாத்தியா! முத்து முத்தா!”

அடுத்து, தான் வெட்டிச் சுருக்கிய மாடலை ஓடவிட்டு அதையே கேட்டாள். வாயை மூடுவதற்குள் திரையில் வந்துவிட்டது: ‘நல்ல இருக்கீங்களா’.

தசமம் நாற்காலியோடு சுழன்று சுழன்று சிரித்தான். “ஐயோ, துணைக்காலைக் காணோம்! கேள்விக்குறியும் போச்சு! யாராவது போலீஸுக்குச் சொல்லுங்கப்பா!”

“ஒரு கால் போயும் என்னுது ஓடுது. உன்னுது எல்லாக் காலோடயும் நின்னுக்கிட்டு இருக்கு.”

இரண்டில் ஒன்று மறுநாள் காலை பத்து மணிக்கு நூறு பேரிடம் சோதனைக்குப் போக வேண்டும். எது என்று முடிவு செய்ய மேலாளர் வந்து நின்றார். முடிவு செய்வதைத் தவிர மற்ற எல்லா வேலையும் தெரிந்தவர். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், எங்கப்பாவுக்கு ரெண்டு வருஷமா காது சுத்தமா கேக்காது,” என்றான் தசமம். “மெஷின் வெச்சும் பிரயோஜனமில்ல. சாப்பாட்டு மேசையில நாங்க பேசப் பேச, அவர் தட்டையே பாத்துக்கிட்டு இருப்பார். அவரைத் திரும்ப எங்க பேச்சுக்குள்ள கூட்டிட்டு வரணும்னுதான் இந்த வேலைக்கே வந்தேன்.”

இதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரலில் வீறாப்பு இல்லை. அடுத்த வாக்கியத்தில் திரும்ப வந்துவிட்டது.

“மூணு வாரமா அவர் போன்ல என் மாடல்தான் சார். அதுவும் இதே மாதிரி ஓட்டை போன்தான். இப்ப நான் ஒரு ஜோக் சொன்னா, எங்கம்மா சிரிக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறதுக்குள்ள அவர் சிரிச்சு முடிச்சுடறார். அஞ்சு வினாடியாம், அஞ்சு வினாடி!”

“அவர் போன்ல நேரத்தை அளந்து பாத்தியா?” என்றாள் கத்தரி.

“ஜோக் சொல்றவன் கேக்கறவர் மூஞ்சியைப் பாப்பானா, போனைப் பாப்பானா?”

மேலாளருக்கு அது நியாயமாகப் பட்டது. “அப்பாவே சாட்சி. அப்புறம் என்ன? தசமத்தோடதே போகட்டும்.”

“ஒரே ஒரு ராத்திரி பொறுங்க சார்,” என்ற கத்தரி, தசமத்தின் பக்கம் திரும்பினாள். “வீட்டுக்குப் போய் அவரையே ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. அதுக்கப்புறம் நான் வாயைத் திறந்தா ஏன்னு கேளு.”

“கேக்கறேன். அவர் சொல்றதை அப்படியே எழுதி, சட்டம் போட்டு, உன் தலைக்கு மேல மாட்டறேன்.”

மறுநாள் எட்டரை மணிக்கே வந்தாள் கத்தரி. தசமம் அவளுக்கும் முன்னால் வந்திருந்தான். அவளுடைய இடத்தில் உட்கார்ந்து, அந்தப் பழைய கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் மாடலின் எண்களை அடுக்கு அடுக்காக முழு எண்ணாக்கிக்கொண்டிருந்தான். சோதித்துப் பார்த்ததில் ஒரு நெடில் குறிலாகி வந்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

“என்ன தையல்காரரே, கையை வெட்டுறீங்க போல?”

“கடைசி அடுக்கையும் வெட்டலாமா? இல்ல, அதை மட்டும் விட்டுடலாமா?” என்றான், இறங்கிய குரலில்.

கத்தரி கேலியை அதோடு நிறுத்திக்கொண்டாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அதை மட்டும் விட்டுடு. தப்பு குறையும். சரி, அப்பாகிட்ட கேட்டியா?”

“கேட்டேன். ‘அப்பா, நாங்க பேசறதெல்லாம் உங்களுக்குப் புரியுதா?’ன்னு.”

“என்ன சொன்னார்?”

தசமம் அடுத்த அடுக்கின் புள்ளிகளை நீக்கிக்கொண்டே சொன்னான்.

“நான் வாயை மூடினதும் வயிறு குலுங்கச் சிரிச்சார். அஞ்சு வினாடி கழிச்சு என் கேள்வி போன்ல வந்துச்சு. சிரிப்பை நிறுத்திட்டார்.”