பாறைமேல் நின்றவள்

உயிரியல் பூங்காவில் வரையாடுகளின் பழகும் குணத்துக்கு மதிப்பெண் போட ஓர் இயந்திரம் வைத்தார்கள். கூட்டத்தோடு சேராமல் எந்நேரமும் பாறை உச்சியில் நிற்கும் கிழட்டுப் பெட்டையை அது ‘சமூக விரோதி’ என்றது.

“அது காவக்காரி சார். அது நின்னாத்தான் மத்ததெல்லாம் படுக்கும்,” என்றாள் பராமரிப்பாளர் செண்பகவல்லி.

“மெஷினுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்!” என்று சிரித்த கண்காணிப்பாளர் தேவசகாயம், அன்றே அந்தப் பெட்டையை வேறு ஊருக்கு ஏற்றி அனுப்பினார்.

அதன்பின் மூன்று நாள் ஓர் ஆடும் படுக்கவில்லை, அசைபோடவில்லை. குட்டிகளுக்குக் கால் நடுங்கியது. நான்காம் நாள் செண்பகவல்லி, வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிக்கொண்டே பாறையில் ஏறி நின்றாள். சற்று நேரத்தில் ஆடுகள் ஒவ்வொன்றாகக் கால் மடக்கிப் படுத்தன.

மாலையில் தேவசகாயம் விருந்தாளிகளோடு வந்தார்.

“பாத்தீங்களா, அதை அனுப்பினதும் என்ன அமைதி!” என்று பெருமையடித்தவர், அண்ணாந்து பார்த்து அதட்டினார்: “ஏம்மா, வேலையை விட்டுட்டு அங்க என்ன நிக்கிற? இறங்கு!”

செண்பகவல்லி அசையவில்லை.

“இறங்கறேன் சார். நீங்க வந்து நில்லுங்க. ஆனா உங்கள நம்பி ஒரு குட்டிகூடக் கண்ணை மூடாது.”