ஓவர் டு மை கொலீக்

விற்பனை மேலாளருக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் மீட்டிங்குக்காக நெட்டுரு போட்ட வாக்கியங்கள்தான். அதற்கே தலைகால் தெரியாத ஆட்டம். தண்ணீர் கொண்டுவரும் பியூனிடம்கூட, "தேங்க் யூன்னா வெல்கம்னு சொல்லணும்யா. வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்பார்.

அன்று முதலாளிக்கும் வாடிக்கையாளர்களுக்கும் முன்னால் விற்பனை விவரத்தை ஒப்பித்தவர், பழக்கதோஷத்தில் அடுத்த வாக்கியத்தையும் எடுத்துவிட்டார்: "நவ், ஓவர் டு மை கொலீக்." அவருக்கு அடுத்துப் பேச சக ஊழியர் யாருமே வந்திருக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த உளறலுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள், குறிப்பெடுத்தார்கள், ஏதோ வேடிக்கைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரையில் படங்கள் தாமாக மாறின. மேலாளருக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் முதலாளி வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்து, "அசத்திட்டீங்க சார்!" என்று அந்தக் காலி இடத்தோடு கை குலுக்கினார். பிறகு மேலாளரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மரம் மாதிரி நிக்கறியே, சாருக்குத் தண்ணி கொண்டா."

மேலாளர் கொண்டுவந்து நீட்டினார். கண்ணாடி டம்ளர் அவர் கையை விட்டு நகர்ந்து, அந்தரத்தில் சாய்ந்து, காலியானது.

"தேங்க் யூ."

இந்த முறை அவருக்கும் கேட்டது. அவருடைய சொந்தக் குரலேதான், உச்சரிப்பு மட்டும் சுத்தம். மேலாளர் கையை நீட்டி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"