சுவரின் சூடு

ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக மின்சூளையில் பீங்கான் சுடும் வேதமாணிக்கத்துக்குச் சூளையின் சுவர்தான் அளவுகோல். புறங்கையை அதில் வைப்பார். சுவர் ஆறியிருந்தால் உள்ளே இருப்பதும் ஆறியிருக்கும். அந்தக் கை ஒருநாளும் பொய்த்ததில்லை. அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தமயந்தி பீங்கான் சுடுகிற மைக்ரோவேவ் அடுப்பை அவர் இட்லிப் பெட்டி என்றுதான் சொல்வார். போன மாதம் அவளை ஒரு வார்த்தை கேட்காமல், ‘இது எதையும் சுடாது, தூக்கிவிடலாம்’ என்று இயக்குநருக்கு எழுதியும் கொடுத்துவிட்டார்.

இன்று அவளுடைய சிர்கோனியா பீங்கான் வளையம் சுட்டு முடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வேதமாணிக்கம் வந்து பெட்டியின் சுவரில் புறங்கையை வைத்தார். சில்லென்றிருந்தது. இந்த அடுப்பில் சுவர் சுடாது, வளையம் மட்டும்தான் சுடும் என்று அவள் மூன்று முறை சொல்லியிருக்கிறாள். மூன்று முறையும் அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சூடே ஏறலையேம்மா. நான் எழுதினது சரியாத்தான் இருக்கு” என்றபடி கதவைத் திறந்தார். வளையம் தணலின் சிவப்பு துளியும் இல்லாமல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. வெறுங்கையை நீட்டினார்.

“எடுக்கட்டுமா?”

தமயந்தி தன் கையிலிருந்த இடுக்கியை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

“உங்களுக்குத் தெரியாததா சார்” என்றாள்.