மூலையில் ஒருத்தி

"சார், அந்தப் பொண்ணு மேல மட்டும் கை வைக்காதீங்க! உங்களுக்குக் கோடி புண்ணியமாப் போகும்!"

ஓவியங்களைப் பழுது பார்க்க வந்தவர், மருந்தில் நனைத்த பஞ்சோடு அப்படியே நின்றுவிட்டார். ஓவியக் கூடத்தில் இருந்த சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கத்தியவள் அவர்களை அழைத்து வந்த வழிகாட்டிதான். மலைக்கு வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. வேன் ஓட்டுவது அவள் கணவன். காலையில் பூங்கா, அப்புறம் அருங்காட்சியகம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கற்கோடரியைக் காட்டி, "அந்தக் காலத்துலயும் மாமியார் வீட்டுக்கு யாரும் வெறுங்கையோட போகலை" என்று சிரிக்கவைப்பாள். சாப்பாடு முடிந்ததும் அருவி. கடைசியில் இந்தக் கூடம்.

கூடத்தில் வேறு எந்தப் படத்தை விட்டாலும் அருவிப் படத்தை விடமாட்டாள். அதன் முன்னால் சற்று நேரம் வாயே திறக்காமல் நிற்பாள். அவள் பேசாமல் இருக்கிற ஒரே இடம் அதுதான் என்று கணவன் கிண்டல் செய்வான்.

அருமையான படம். பாறையில் விழுந்து சிதறும் தண்ணீரைப் பார்த்தால் நம் சட்டை நனைந்த மாதிரி இருக்கும். ஆனால் வலது மூலையில், பாறை விளிம்பில், சிவப்பாக ஒரு பெண் உருவம் நின்றது. பெண் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். அவ்வளவு கோணல்.

கூடத்துக்குப் புதிதாக வந்த பொறுப்பாளருக்கு முதல் நாளிலிருந்தே அது கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. சீசன் கூட்டம் சேர்வதற்குள் துடைத்துவிட வேண்டும் என்று ஆளை வரவழைத்துவிட்டார்.

"பொண்ணா? எங்கம்மா இருக்கு பொண்ணு? மடக்கி வச்ச குடை மாதிரி இருக்கு!" என்றார் பொறுப்பாளர்.

பயணிகள் சிரித்தார்கள். கதவருகே நின்ற அவள் கணவனும் சேர்ந்து சிரித்தான்.

"எனக்கும் குடை மாதிரிதான் சார் தெரியுது," என்றவன் மனைவி பக்கம் திரும்பினான். "துடைச்சா துடைக்கட்டும், விடேன். பார்க்கவே வெட்கமா இருக்கு."

"நீங்க சும்மா இருங்க! முதல்ல வண்டியில போய் உட்காருங்க."

அவன் போகவில்லை. தொப்பியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக அங்கேயே நின்றான்.

அவள் பொறுப்பாளர் பக்கம் திரும்பினாள். "சார், இதை வரைஞ்ச பெரியவர் உயிரோட இருந்தவரைக்கும் அந்தப் பொண்ணை அழிக்கலையே. அவருக்கு அழிக்கத் தெரியாதா? இந்தக் கூடத்துக்குக் கொடுக்கும்போதும் பொண்ணோடதானே கொடுத்தாரு?"

"அவர் பெரிய மனுஷர், பெருந்தன்மையா விட்டிருப்பார். அதுக்காக நாமளும் விடணுமா? இது அவர் கையே இல்லைம்மா. எவனோ விளையாட்டுக்குக் கிறுக்கிட்டுப் போயிருக்கான். அவனால இவ்வளவு நல்ல படம் பாழ்!"

"பாழ்னு சொல்லாதீங்க சார். நான் அதுக்கு நன்றிக்கடன் பட்டவ."

"எதுக்கு? குடைக்கா?"

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் பொறுப்பாளருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. படத்தின் மேல் அவ்வளவு பிரியம், அவ்வளவுதான்.

"சரிம்மா. ஏன் விடணும்னு ஒரே ஒரு காரணம் சொல்லு. நியாயமா இருந்தா இனிமே யாரும் அதுல கை வைக்க மாட்டாங்க. நான் பொறுப்பு."

அவள் வாயைத் திறந்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். காலையிலிருந்து பூவையும் கல்லையும் பற்றி மூச்சு விடாமல் பேசியவள் இப்போது ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பேசினாள்.

"அதைப் பார்த்தா மனசு நிறைஞ்சு போகுது சார். சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு தோணும். பிள்ளைங்களுக்குத் திங்க ஏதாவது வாங்கிட்டுப் போகணும்னு தோணும். பக்கத்து வீட்டுக்காரியோட போட்ட சண்டையைக்கூட மறந்துடத் தோணும். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"இது ஒரு காரணமாம்மா?" என்று பொறுப்பாளர் வருத்தத்தோடு தலையாட்டினார்.

பழுது பார்ப்பவர் பஞ்சை மெல்ல ஒற்றி எடுத்தார். அதில் துளி சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சார், ஒரு நிமிஷம்." கணவன் கூடத்தின் குறுக்கே வேகமாக வந்தான்.

"வாங்க, நீங்களாவது உங்க வீட்டம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்க," என்று பொறுப்பாளர் அவனைப் படத்தின் அருகே இழுத்தார். "இந்தக் கோட்டைப் பாருங்க, கை எப்படி நடுங்கியிருக்கு! பிரஷ் பிடிக்கவே தெரியாத ஆளு."

"தெரியாதுதான் சார். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத்தான் தெரியும்." பயணிகள் காதில் விழாதபடி அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள், அருவிக்கிட்ட சவாரியை இறக்கிவிட்டுட்டு நின்னேன். பெரியவர் படத்தைப் பாதியில விட்டுட்டு டீ குடிக்கப் போயிருந்தாரு. இவ யாரு என்னன்னுகூட அப்போ எனக்குத் தெரியாது. 'உன்னைத்தாம்மா வரைஞ்சுக்கிட்டிருக்கேன், முடியறவரைக்கும் அசையாம நில்லும்மா'ன்னு கெஞ்சிக்கிட்டே அவரோட பிரஷ்ஷை எடுத்தேன். கை நடுங்காம என்ன சார் செய்யும்? இவ தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், பாறை விளிம்புல நின்னுக்கிட்டிருந்தா."